தொடக்ககால மனித விண்கலங்களில் கணிப்பொறி நினைவகமும் செயலாற்றலும்: ஒரு விளக்கமும் ஒரு கலைச்சொல் முன்மொழிவும்

ஆய்வுச்சுருக்கம்

மனிதரை ஏற்றிச் சென்ற தொடக்ககால விண்கலங்களின் கணிப்பொறிகள் மிகச் சிறிய நினைவகத்தையும் மிகக் குறைந்த வேகத்தையும் கொண்டிருந்தன. ஜெமினி, அப்போலோ, சோயூஸ்-டி ஆகிய கலங்களின் கணிப்பொறிகளை ஒப்பிட்டு, அச்சிறுமை எவ்வாறு ஈடுசெய்யப்பட்டது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. எதை மாறாமல் காப்பது, எதை நெருக்கடியில் கைவிடுவது, எதை மனிதரிடம் விடுவது என்னும் முன்னுரிமை ஒழுங்கே விண்வெளி வீரர்களின் உயிரைக் காத்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அப்போலோவில் பயன்பட்ட கம்பிப் பின்னல் நினைவகத்திற்கு, கொங்குநாட்டு நெசவுத் தொழிலின் துணைகொண்டு ‘இழைக்கோவை நினைவகம்’ என்னும் கலைச்சொல்லும் முன்மொழியப்படுகிறது.

திறவுச்சொற்கள்: விண்கலம், நினைவகம், அப்போலோ, சோயூஸ் டி-11, ஜக்கார்டு, கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

1984 ஏப்ரல் 3ஆம் நாள் பைக்கோனூர் ஏவுதளத்திலிருந்து புறப்பட்ட சோயூஸ் டி-11 கலத்தில் இந்தியாவின் முதல் விண்வெளி வீரர் ராகேஷ் சர்மா பயணம் செய்தார். அக்கலத்தை இயக்கிய கணிப்பொறியின் நினைவகம் இன்று ஒரு சிறிய ஒளிப்படத்தைக்கூடக் கொள்ளாத அளவினது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நிலவில் மனிதரை இறக்கிய அப்போலோ கணிப்பொறியின் நிலையும் அதுவே.

‘நம் கையிலுள்ள கைப்பேசி அப்போலோ கணிப்பொறியைவிடப் பல்லாயிரம் மடங்கு ஆற்றலுடையது’ என்னும் கூற்று வகுப்பறைகளிலும் மேடைகளிலும் அடிக்கடி ஒலிக்கிறது. கூற்று உண்மையே. ஆயினும் அது வியப்பை எழுப்பும் அளவோடு நின்றுவிடுகிறது. அவ்வளவு சிறிய நினைவகம் எவ்வாறு போதுமானதாயிற்று, போதாமற்போன தருணத்தில் நிகழ்ந்தது என்ன என்னும் வினாக்களுக்கு அதில் விடையில்லை. இவ்விரு வினாக்களையும் எடுத்துக்கொண்டு, அறிவியல் தமிழ் எழுதுவோர்க்கும் கற்பிப்போர்க்கும் பயன்படும் வகையில் இக்கட்டுரை அமைகிறது.

1. அளவை உணர்தல்

கணிப்பொறி நினைவகத்தின் மிகச் சிறிய அலகு ‘பிட்’ எனப்படும் இருமம். அது ஒன்று அல்லது சுழியம் என்னும் இரு நிலைகளுள் ஒன்றையே ஏற்கும். வால்பாறையில் இதற்குக் கண்கூடான சான்று உண்டு. தேயிலைத் தோட்டப் பகுதிகளில் யானைகள் நடமாடுவதை அறிவிக்க, இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் முயற்சியால் கைப்பேசி அழைப்பின்வழி இயங்கும் சிவப்பு விளக்குகள் அமைக்கப்பட்டன. விளக்கு எரிந்தால் யானை அருகில் உள்ளது. எரியாவிட்டால் அவ்வறிவிப்பு இல்லை. வீடு திரும்பும் தொழிலாளியிடம் அவ்விளக்கு சேர்ப்பிக்கும் செய்தி ஓர் இருமம் மட்டுமே. எட்டு இருமங்கள் சேர்ந்தது ஒரு பைட்.

இன்று பரவலாக வழங்கும் யூனிக்கோடு முறையின் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் பெறுகிறது. ‘வால்பாறை’ என்னும் சொல் எழுத்தெண்ணிக்கையில் நான்கு. ஆனால் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியே கணக்கிடப்படுவதால் குறியெண்ணிக்கையில் எட்டு. எனவே இச்சொல்லைச் சேமிக்க 24 பைட், அதாவது 192 இருமங்கள் தேவை. இந்த எண் பின்னர் மீண்டும் வரும்.

அப்போலோ வழிகாட்டுக் கணிப்பொறியில் இருவகை நினைவகங்கள் இருந்தன. மாறாத நிரல்களைக் கொண்ட நிலை நினைவகத்தில் 36,864 சொற்களும், கணக்கீட்டின்போது எழுதி அழிக்கத்தக்க மாறு நினைவகத்தில் 2,048 சொற்களும் இருந்தன. இங்குச் ‘சொல்’ என்பது 15 இருமத் தரவும் ஓர் இருமச் சரிபார்ப்பும் கொண்ட 16 இருமத் தொகுதி. சரிபார்ப்பு இருமத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் நிலை நினைவகம் 73,728 பைட். மாறு நினைவகம் 4,096 பைட். இன்றைய குறியாக்கத்தில் திருக்குறளை அதில் இட முனைந்தால் அறத்துப்பாலின் 380 குறள்கள் அடங்கும், முப்பாலும் அடங்கா. மாறு நினைவகத்திலோ ஏறத்தாழ 140 தமிழ்ச் சொற்கள் கொண்ட ஒரு நீண்ட பத்தியே அடங்கும். நிலவில் இறங்கும்போது உயரம், வேகம், திசை, எஞ்சின் உந்துவிசை ஆகியவற்றின் மாறும் மதிப்புகள் யாவும் அந்த ஒரு பத்தியளவு இடத்தில்தான் நின்று இயங்கின.

2. கணிப்பொறியற்ற கலங்களும் ஜெமினியும்

1961 ஏப்ரல் 12இல் யூரி ககாரின் சென்ற வோஸ்தோக் கலத்தில் எண்முறைக் கணிப்பொறி இல்லை. நேர வரிசைப்படி இயங்கும் தானியங்கிக் கருவிகளும் தரையிலிருந்து வந்த கட்டளைகளும் கலத்தை நடத்தின. அமெரிக்காவின் மெர்க்குரி கலங்களிலும் கணிப்பொறி இல்லை. சுற்றுப்பாதைக் கணக்குகளைத் தரையிலிருந்த பெருங்கணிப்பொறிகள் செய்தன. கலம் தன் பாதையைத் தானே மாற்றிக்கொள்ளாதவரை இவ்வேற்பாடு போதுமானதாக இருந்தது.

இரு கலங்கள் விண்ணில் சந்தித்து இணைய வேண்டும் என்னும் தேவை எழுந்தபோது நிலை மாறியது. 1965இல் மனிதருடன் பறக்கத் தொடங்கிய ஜெமினி கலங்களில் ஐபிஎம் நிறுவனம் செய்த கணிப்பொறி இடம்பெற்றது. அதன் எடை ஏறத்தாழ 27 கிலோகிராம். நினைவகம் 39 இருமங்கள் கொண்ட 4,096 சொற்கள். நொடிக்கு ஏறத்தாழ 7,000 கூட்டல்களை அது செய்தது. பிற்காலப் பயணங்களுக்குத் தேவையான நிரல்கள் அனைத்தும் அந்நினைவகத்தில் ஒருங்கே அடங்காமையால், 1966இல் ஜெமினி 8 முதல் காந்தநாடா நினைவகம் துணையாகச் சேர்க்கப்பட்டது. தேவையான நிரலை உரிய நேரத்தில் நாடாவிலிருந்து ஏற்றிக்கொள்வது அதன் முறை.

நினைவகத்தின் அளவு மட்டுமே சிக்கலன்று என்பதை ஜெமினி 5 காட்டியது. புவி ஒரு நாளில் 360 பாகை சுழல்கிறது என்னும் மதிப்பு அதன் தரவில் இடப்பட்டிருந்தது. 24 மணி நேரத்தில் புவி உண்மையில் ஏறத்தாழ 360.98 பாகை சுழல்கிறது. எட்டு நாள் பயணத்தில் இச்சிறு வேறுபாடு திரண்டது; கலம் குறித்த இடத்திற்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் முன்னதாகவே கடலில் இறங்கியது. கணிப்பொறி தனக்கு இட்டதைப் பிழையின்றிக் கணக்கிட்டது, இட்டதே பிழை.

3. அப்போலோ: கம்பியின் வழியே நினைவு

அப்போலோ கணிப்பொறியை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் கருவியியல் ஆய்வகம் வடிவமைத்தது. ரேத்தியான் நிறுவனம் வால்தம் நகரில் அதனைத் தயாரித்தது. எடை ஏறத்தாழ 32 கிலோகிராம். மின்தேவை ஏறத்தாழ 55 வாட். ஒருமுறை நினைவகத்தை அணுகி மீள 11.7 மைக்ரோநொடி ஆகும். ஒரு கூட்டலுக்கு இரு அணுகல்கள் தேவைப்பட்டமையால், நொடிக்கு ஏறத்தாழ 43,000 கூட்டல்கள் இயன்றன.

இதன் இருவகை நினைவகங்களும் காந்த வளையங்களால் ஆனவை. ஆயினும் அவை நினைவில் கொள்ளும் முறை வேறு. மாறு நினைவகத்தில் ஒவ்வொரு வளையமும் வலமாகவோ இடமாகவோ காந்தமேறி ஓர் இருமத்தைக் காக்கும். திசையை மாற்றினால் இருமமும் மாறும். நிலை நினைவகத்தில் செய்தி வளையத்தில் இல்லை, கம்பி செல்லும் வழியில் உள்ளது. ஒரு கம்பி வளையத்தின் ஊடே சென்றால் ஒன்று. வளையத்தைத் தவிர்த்துப் புறத்தே சென்றால் சுழியம். குறித்த வளையத்தின் காந்தநிலையைப் புரட்டும்போது, ஊடே செல்லும் கம்பிகளில் மட்டும் மின்துடிப்பு எழும். எந்தெந்தக் கம்பிகளில் துடிப்பு எழுந்தது என்பதே படிக்கப்படும் செய்தி.

ஒரே வளையத்தைப் பல கம்பிகள் பகிர்ந்துகொள்ள இயல்வதால் சிறிய இடத்தில் மிகுதியான செய்தி அடங்கியது. ஆறு பேழைகளில், பேழைக்கு 512 வீதம் 3,072 வளையங்கள் இருந்தன. ஒவ்வொரு வளையமும் 192 இருமங்களுக்கு இடம் தந்தது. முன்னர்க் கண்ட ‘வால்பாறை’ என்னும் ஊர்ப்பெயர் இன்றைய குறியாக்கத்தில் கொள்ளும் இடமும் அதுவே. ஓர் ஊர்ப்பெயருக்கு ஒரு வளையம் என்னும் வீதத்தில் 3,072 பெயர்களின் இடத்திற்குள், நிலவுக்குச் சென்று இறங்கி மீளும் கணக்குகள் அனைத்தும் எழுதப்பட்டன.

இவ்வாறு கம்பியைச் செலுத்தியவர்கள் ரேத்தியான் ஆலையின் பெண் தொழிலாளர்கள். அவர்களுள் அப்பகுதியின் நெசவாலைகளிலும் கைக்கடிகாரத் தொழிற்சாலையிலும் பழகிய கைகள் பல. துளையிட்ட நாடாவின் கட்டளைப்படி ஒரு பொறி உரிய வளையத்தை ஊசியின் எதிரே கொண்டுவந்து நிறுத்தும். தொழிலாளி கம்பி கோத்த ஊசியை அதன் ஊடே செலுத்துவார். ஒரு நிரலைப் பேழைகளாக்கி முடிக்கப் பல வாரங்கள் பிடித்தன. முடித்தபின் ஒரு கட்டளையைத் திருத்த வேண்டுமாயினும் அப்பேழையை மீண்டும் செய்ய வேண்டும். எனவே பயணத்திற்குப் பல மாதங்கள் முன்பே நிரல் இறுதி செய்யப்பட்டது. பொறியாளர் வட்டத்தில் இந்நினைவகத்திற்கு ‘சிறு மூதாட்டியர் நினைவகம்’ என்னும் பொருளில் ஒரு கேலிப்பெயர் வழங்கியது. நிரல் எழுதியோரின் பெயர்கள் வரலாற்றில் நின்றன. கோத்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் நிற்கவில்லை. ஆயினும் ஒரு கம்பி தவறான வளையத்தில் நுழைந்திருந்தால், நிரல் எழுதியவரின் பிழைக்கு நிகரான கேட்டினை அது விளைவித்திருக்கும்.

4. முன்னுரிமை ஒழுங்கும் உயிர்க்காப்பும்

சிறிய நினைவகம் நிரம்பிவழிந்தால் என் செய்வது என்பது வடிவமைப்பாளர்களின் அடிப்படை வினாவாக இருந்தது. ஹால் லேனிங் வகுத்த செயல்மேலாண்மை முறை இதற்கு விடையாயிற்று. ஒவ்வொரு பணிக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. உயர்ந்த எண்ணுள்ள பணி முதலில் நடைபெறும். ஒவ்வொரு பணியும் தொடங்கும்போது மாறு நினைவகத்தில் 12 சொற்கள் கொண்ட ஓர் இடத்தைப் பெறும். அத்தகைய இடங்கள் சிலவே.

1969 ஜூலை 20இல் அப்போலோ 11 நிலவில் இறங்கியபோது இவ்வொழுங்கு சோதிக்கப்பட்டது. இறங்குதலுக்குத் தேவையற்ற சந்திப்பு ரேடாரின் மின்னிணைப்பில் கட்ட வேறுபாடு இருந்தமையால், அது கணிப்பொறிக்குப் பொருளற்ற துடிப்புகளை இடையறாது அனுப்பியது. ஒவ்வொரு துடிப்பும் ஒரு நினைவக அணுகலைக் கவர்ந்தது. இவ்வாறு கணிப்பொறியின் நேரத்தில் ஏறத்தாழ 15 விழுக்காடு வரை பறிபோயிற்று. முன்தொடங்கிய பணிகள் முடியுமுன் புதிய பணிகள் வந்தன, பணியிடங்கள் தீர்ந்தன, 1202, 1201 என்னும் எச்சரிக்கைகள் திரையில் தோன்றின.

கணிப்பொறி அப்போது நின்றுவிடவில்லை. தேங்கிய பணிகளைத் துடைத்துவிட்டு, முன்கூட்டியே குறித்துவைக்கப்பட்ட மீள்தொடக்கப் புள்ளிகளிலிருந்து இன்றியமையாதவற்றை மட்டும் மீண்டும் தொடங்கியது. எஞ்சின் கட்டுப்பாடும் வழிகாட்டலும் தொடர்ந்தன. காட்சித்திரைக்கு எண்களை அனுப்புவது போன்ற பணிகள் பின்தங்கின. எச்சரிக்கை இடையிட்டே வருகிறது, கலம் உரிய பாதையிலேயே உள்ளது என்பதை உணர்ந்த ஜாக் கார்மனின் கருத்தை ஏற்று, தரைக் கட்டுப்பாட்டு அறையில் வழிகாட்டு அலுவலராக இருந்த ஸ்டீவ் பேல்ஸ் இறங்குதலைத் தொடர இசைந்தார். மார்கரெட் ஹாமில்டன் பின்னர்த் தலைமையேற்ற பறப்பு மென்பொருள் குழு, இத்தகைய மீள்தொடக்கத்தைப் பயணத்திற்கு முன்பே எழுதிச் சோதித்திருந்தது. ஆகவே இதனை நற்பேறு எனக் கொள்ளுதல் பொருந்தாது. எதை விடலாம் என்பது முன்னரே முடிவு செய்யப்பட்டிருந்தது.

1971 பிப்ரவரியில் அப்போலோ 14 மற்றொரு பாடத்தைத் தந்தது. இறங்குதலைக் கைவிடும் பொத்தானின் இணைப்பில் தளர்ந்த உலோகத் துணுக்கு ஒன்று, அப்பொத்தான் அழுத்தப்பட்டதாகப் பொய்க்குறி காட்டியது. அந்நிலையில் இறங்கத் தொடங்கினால் கணிப்பொறி தானே பயணத்தை முறித்துக் கலத்தை மேலெழுப்பிவிடும். கோத்து முடிக்கப்பட்ட நிலை நினைவகத்தைத் திருத்த வழியில்லை. டான் ஐல்ஸ் என்னும் இளம் நிரலாளர், மாறு நினைவகத்தின் சில மதிப்புகளை மாற்றி அப்பொத்தானைக் கணிப்பொறி பொருட்படுத்தாமற் செய்யும் வழியைக் கண்டார். வீரர்கள் அக்கட்டளைகளை விசைப்பலகையில் கையால் உள்ளிட்டு இறங்கினர். நிலை நினைவகத்தின் உறுதி பயணத்திற்கு அரண்; மாறு நினைவகத்தின் நெகிழ்வு அவ்வரணின் வாயில். இரண்டும் ஒருங்கே இருந்தமையாலேயே அப்பயணம் நிறைவேறியது.

5. சோயூஸ் டி-11: மூன்றில் இரண்டு

சோயூஸ்-டி வரிசைக் கலங்களில் ஆர்கான்-16 என்னும் சோவியத் கணிப்பொறி இடம்பெற்றது. அதன் எடை ஏறத்தாழ 70 கிலோகிராம். ஒரே வடிவான மூன்று கணிப்பொறிகள் அதனுள் ஒத்திசைந்து இயங்கின. ஒவ்வொன்றிலும் 16 இருமங்கள் கொண்ட 2,048 சொற்கள் மாறு நினைவகமாகவும், 16,384 சொற்கள் நிலை நினைவகமாகவும் இருந்தன. வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 செயல்கள்.

அட்டவணை 1: கணிப்பொறிகளின் ஒப்பீடு
ஜெமினி: 4,096 சொற்கள் (39 இருமம்), நொடிக்கு ஏறத்தாழ 7,000 கூட்டல்கள்
அப்போலோ: மாறு 2,048, நிலை 36,864 சொற்கள் (16 இருமம்), நொடிக்கு ஏறத்தாழ 43,000 கூட்டல்கள்
ஆர்கான்-16: மும்மடியாக, மாறு 2,048, நிலை 16,384 சொற்கள் (16 இருமம்), நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 செயல்கள்

ராகேஷ் சர்மா பறந்த கலத்தின் மாறு நினைவகம், தனித்தனியே நோக்கின், அப்போலோவின் அளவினதே. கூடியது வேகமும் மும்மடிப்பும். மூன்று கணிப்பொறிகளின் விடைகள் ஒப்பிடப்பட்டு இரண்டின் இசைவு ஏற்கப்படும். முரணும் ஒன்று புறக்கணிக்கப்படும். ஒன்று பழுதுற்றாலும் கலம் தன் கணக்கை இழக்காது. அப்போலோவின் நிலவுக் கலத்தில் முதன்மைக் கணிப்பொறி ஒன்றே. பழுதுற்றால் வீரர்களை மேலெழுப்பி மீட்கும் அளவிற்கு வேறொரு சிறு கணிப்பொறி உடனிருந்தது. ஒரே இடர்க்கு இரு நாடுகள் கண்ட இரு வேறு விடைகள் இவை.

மூன்றும் இசைந்தே தவறான முடிவுக்கு வந்தால்? சோயூஸ் டி-11இன் தலைவர் யூரி மலிஷெவ் இவ்வினாவைத் தாமே எதிர்கொண்டவர். 1980 ஜூனில் இவ்வரிசையின் முதல் மனிதப் பயணமான சோயூஸ் டி-2 சல்யூட் 6 நிலையத்தை நெருங்கியபோது, கணிப்பொறி தேர்ந்த அணுகுமுறை வீரர்களும் தரைக் கட்டுப்பாட்டாளரும் பயிலாத ஒன்றாக இருந்தது. மலிஷெவ் கைக்கட்டுப்பாட்டில் கலத்தை இணைத்தார். உடன்சென்ற கென்னடி ஸ்த்ரெகாலவும் 1983இல் சோயூஸ் டி-8 பயணத்தில் ரேடார் அலைவாங்கி பழுதுற்றதால் இணைய முடியாமல் திரும்பியவர். அதே ஆண்டில் ஏவுதளத்தில் இராக்கெட் தீப்பற்றியபோது தப்பிக்கும் பொறியால் உயிர்பிழைத்தவரும் அவரே. கருவி பிழைத்தால் மனிதர் ஏற்க வேண்டும் என்பதைப் பட்டறிவால் உணர்ந்த இருவரோடு நம் வீரர் பறந்தார். ஏப்ரல் 11இல் மூவரும் சோயூஸ் டி-10 கலத்தில் திரும்பினர். ஆர்கான்-16 சோயூஸ் கலங்களில் நெடுங்காலம் நீடித்தது என்பது, சிறிதாயினும் நம்பத்தக்கதை விண்வெளித் துறை எளிதில் கைவிடுவதில்லை என்பதற்குச் சான்று.

6. கலைச்சொல் முன்மொழிவு

கம்பிவழி நினைவகத்தை ஆங்கிலத்தில் ‘கோர் ரோப்’ என்பர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘உள்ளகக் கயிற்று நினைவகம்’ என்றாகும், பொருள் விளங்காது. அமெரிக்க வழக்கைப் பின்பற்றி ‘நெசவு நினைவகம்’ எனலாமா? கொங்குநாட்டுத் தறியை அறிந்தவர் இதனை ஏற்கத் தயங்குவர். நெசவுக்குப் பாவும் ஊடையும் வேண்டும்; இரண்டும் குறுக்கிட்டுப் பிணைந்தால்தான் துணி. காந்த வளைய நினைவகத்தில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஒரு கண்ணினூடே இழையைச் செலுத்துவதே அங்கு நிகழ்வது. அதற்குத் தமிழில் ‘கோத்தல்’ என்னும் வினை உண்டு. தறியில் விழுதின் கண்ணில் பாவிழையைப் புகுத்துவதும், ஊசியில் நூலேற்றுவதும், மாலை தொடுப்பதும் அவ்வினையால் உணர்த்தப்படும்.

நெசவோடு உள்ள உறவு வேறிடத்தில் உண்மையானது. சிறுமுகைப் பட்டுத் தறிகளில் ஜக்கார்டு அட்டையின் துளை உள்ள இடத்தில் இழை எழும். துளையில்லா இடத்தில் எழாது. 1804இல் பிரான்சில் ஜக்கார்டு வகுத்த அம்முறையும், வால்தம் ஆலையில் துளையிட்ட நாடா ஊசியின் இடத்தை வரையறுத்த முறையும் ஒரே கருத்தின் இரு வடிவங்கள்.

எனவே ‘இழைக்கோவை நினைவகம்’ என்னும் தொடர் முன்மொழியப்படுகிறது. கோவை என்பது கோக்கப்பட்டதையும், அகப்பொருட்கோவை என்னும் இலக்கிய வகையில் உள்ளதுபோல் வரிசைபெற அமைந்ததையும் குறிக்கும். நிரல் என்பதும் வரிசைப்பட்ட கட்டளைகளின் தொகுதியே. ‘கோவை நினைவகம்’ என மட்டும் கூறின் கோயம்புத்தூரைக் குறிப்பதாக மயங்க இடமுண்டாதலின் ‘இழை’ என்னும் அடை தேவையாகிறது.

முடிவுரை

தொடக்ககால மனித விண்கலங்களின் கணிப்பொறிகள் சிறியனவாயினும் அச்சிறுமை மறைக்கப்படவில்லை. அதுவே வடிவமைப்பின் தொடக்கப் புள்ளியாயிற்று. மாறக்கூடாதது கம்பியில் கோக்கப்பட்டது. மாற வேண்டியதற்குச் சிறிய இடம் விடப்பட்டது. நெருக்கடியில் கைவிட வேண்டியது முன்பே வரிசைப்படுத்தப்பட்டது. எஞ்சியது மனிதரின் கையில் விடப்பட்டது. ககன்யான் திட்டத்தின்வழி இந்தியா தன் கலத்தில் தன் வீரர்களை அனுப்ப முனைந்துள்ளது. விண்வெளிப் பயன்பாட்டிற்கான விக்ரம் 3201 செயலி 2025இல் இந்தியாவிலேயே உருவாகி வெளிவந்துள்ளது. இக்காலத்தில் மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டியது மடங்குக் கணக்கை விட இவ்வொழுங்கையே ஆகும். வால்பாறையின் சிவப்பு விளக்கு தரும் செய்தி ஓர் இருமந்தான். உரிய நேரத்தில் எரிந்தால் ஓர் உயிருக்கு அது போதும்.